டென்வரும் மேற்குச் சரிவும்: உள்ளாட்சிகளின் தண்ணீர்ப் பிணக்கில் ஒரு சமரசர்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் மாநகரின் நீர் வாரியம் ஒரு பக்கம் நின்றது. மலைக்கு மேற்கே, ‘மேற்குச் சரிவு’ எனப்படும் பகுதியில் உள்ள கவுன்டிகளும் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்) சிற்றூர்களும் பாசனச் சங்கங்களும் மறுபக்கம் நின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் நீதிமன்றத்தில் மோதிய இந்த இரு தரப்பும், ஒரு சமரசரை அமர்த்திப் பேசி 2011ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கொலராடோ நதிக் கூட்டுறவு ஒப்பந்தம் என்பது அதன் பெயர். இரண்டு ஆண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பேச்சு எப்படித் தொடங்கியது, அதில் என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கே வரிசையாகப் பதிகிறேன். இதில் பங்கெடுத்தவர்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிக்கிறேன். பெயர்கள் இல்லாமலே பாடம் தெளிவாக இருக்கிறது.

பின்னணி: மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

கொலராடோவின் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு ராக்கி மலைத்தொடரின் நீர்பிரி முகட்டுக்கு மேற்கே இருக்கிறது. மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கே வாழ்கிறார்கள். இந்த முரண்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

டென்வர் நீர் வாரியம் 1918ல் அமைந்தது. மொஃபாட் ரயில் சுரங்கத்தைக் குடைந்தபோது பக்கத்தில் தோண்டிய சிறு துளையை வாரியம் நீர்வழியாக மாற்றிக்கொண்டது. 1936 முதல் அதன் வழியே ஃப்ரேசர் ஆற்றுப் படுகையின் நீர் கிழக்கே வருகிறது. 1960களின் தொடக்கத்தில் சம்மிட் கவுன்டியில் டில்லன் அணை எழுந்தது. அதிலிருந்து 23 மைல் நீளமுள்ள ராபர்ட்ஸ் சுரங்கம் நீரைத் தெற்கு வழியாக டென்வருக்குக் கொண்டுவந்தது. டில்லன் அணையின் கொள்ளளவு நம் கணக்கில் 11 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். அந்த அணைக்காக பழைய டில்லன் ஊரே இடம்பெயர்ந்தது.

கொலராடோவில் நதிநீருக்கு ‘முந்தி எடுத்தவருக்கு முன்னுரிமை’ என்பதே சட்டம். முதலில் பயன்படுத்தி உரிமையைப் பதிந்தவர், வறட்சியில் தன் பங்கை முழுதாக எடுத்த பிறகே அடுத்தவருக்கு முறை வரும். ஆறு ஓடும் பள்ளத்தாக்கிலேயே நீரைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே மலைக்கு அப்பால் எடுத்துப் போவது திருட்டு அல்ல, முழுக்கச் சட்டபூர்வமானது. ஃப்ரேசர் ஆற்றின் இயல்பான நீரில் ஏறக்குறைய 60 விழுக்காடு இவ்வாறு கிழக்கே போகிறது. கரையில் வாழ்பவர் கண்ணில் படுவது, கோடையில் வெதுவெதுப்பாகி, அடியில் வண்டல் படிந்து, டிரவுட் மீன் குறைந்துபோன ஆறு.

மேற்குச் சரிவு மக்கள் சும்மா இருக்கவில்லை. 1937ல் கொலராடோ நதி மாவட்டம் என்ற காப்பு அமைப்பை உருவாக்கினார்கள். டென்வர் எந்த உரிமைக்கு மனுப் போட்டாலும் நீர் நீதிமன்றத்தில் எதிர் மனுப் போட்டார்கள். இன்னும் பயன்படுத்தப்படாத நீர் உரிமையைக் காப்பாற்ற வேண்டுமானால், ஆறு ஆண்டுக்கு ஒரு முறை ‘நாங்கள் முயற்சியைக் கைவிடவில்லை’ என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்தத் தவணை வரும்போதெல்லாம் இரு பக்கத்து வழக்கறிஞர்களுக்கும் வேலை வந்தது. டில்லன் அணை நிற்கும் புளூ ஆற்றைப் பற்றிய வழக்கில் 1955ல், இரு தரப்பும் ஒப்பியதை நீதிமன்றம் பதியும் இசைவுத் தீர்ப்பு ஒன்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்பதைப் பற்றி அதன் பிறகு பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது.

பலம் மாறிய காலம்: 1974 முதல் 1990 வரை

இந்தக் கதையில் சமரசருக்கு முன்னால் நடந்த மூன்றைச் சொல்லாமல் போனால் சமரசம் ஏன் நடந்தது என்பதே புரியாது.

ஒன்று, 1974ல் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த நிலப் பயன்பாட்டுச் சட்டம். மசோதா எண்ணைக் கொண்டு ‘1041’ என்றே அங்கே எல்லோரும் அதைச் சொல்வார்கள். தங்கள் எல்லைக்குள் வரும் பெரிய நீர்த் திட்டங்களுக்கு அனுமதி தரவும் மறுக்கவும் கவுன்டிகளுக்கு அது அதிகாரம் தந்தது. இரண்டு, 1988ல் மேற்குச் சரிவின் ஈகிள் கவுன்டி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், அரோரா ஆகிய இரு நகரங்கள் கொண்டுவந்த ஹோம்ஸ்டேக் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. நகரங்கள் வழக்குப் போட்டன. 1994ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்டியின் பக்கம் நின்றது. மூன்று, டென்வரும் அதன் புறநகர்களும் கட்ட விரும்பிய டூ ஃபோர்க்ஸ் பேரணையை 1990ல் மத்திய சுற்றுச்சூழல் முகமை தன் தடையதிகாரத்தால் நிறுத்தியது. ஆய்வுகளுக்கு மட்டும் சுமார் 4 கோடி டாலர் செலவான பிறகு வந்த தடை அது.

நீர் உரிமை கையில் இருந்தாலும் அணை கட்ட முடியாது என்பதை டென்வர் இப்படித்தான் தெரிந்துகொண்டது. அணையைத் தடுக்க முடிந்தாலும் ஏற்கெனவே போகும் நீரைத் திருப்ப முடியாது என்பது மேற்குக்கு முன்பே தெரியும். இரண்டு பக்கமும் மற்றதை நிறுத்த முடிந்தது, ஆனால் தான் நினைத்ததைச் செய்ய முடியவில்லை. சமரசருக்கு இடம் பிறந்தது இந்த முட்டுக்கட்டையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1960ல் ஒரு சமரசரை அனுப்பியிருந்தால், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், வெறுங்கையோடு திரும்பியிருப்பார். அப்போது கவுன்டிகளிடம் மறுக்கும் அதிகாரம் இல்லை.

2002 வறட்சி

2002ல் கொலராடோவில் கடும் வறட்சி. டென்வரின் நீர்த் தொகுதி வடக்கு, தெற்கு என இரண்டாக இயங்குகிறது. சேமிப்பின் பெரும்பகுதி தெற்கில். மொஃபாட் சுரங்கத்தை நம்பியிருக்கும் வடக்குத் தொகுதி அந்த ஆண்டு வறண்டுபோகும் நிலைக்கு வந்தது. தெற்கில் நீர் இருந்தும் வடக்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதைக் கொண்டுவர வழியில்லை.

வாரியம் கண்ட தீர்வு, போல்டர் கவுன்டியில் உள்ள கிராஸ் நீர்த்தேக்கத்தின் அணையை உயர்த்துவது. 1954ல் கட்டிய அந்தத் தேக்கத்தில் 1.8 டி.எம்.சி. அளவே நிற்கும். மேலும் 3.3 டி.எம்.சி.க்கு மேல் நிற்கும்படி அணையை 131 அடி உயர்த்தலாம் என்பது திட்டம். மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகளில் மேற்கிலிருந்து கூடுதலாக எடுத்து இங்கே தேக்கி, வறண்ட ஆண்டில் பயன்படுத்துவார்கள். ஆண்டுக்கு உறுதியாகக் கிடைப்பது 18,000 ஏக்கர்-அடி, அதாவது முக்கால் டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். மொஃபாட் திட்டம் என்று பெயர். 2003ல் மத்திய அனுமதிக்கான நடைமுறை தொடங்கியது.

ஃப்ரேசர் ஆறு ஓடும் கிராண்ட் கவுன்டிக்கு இது கடைசி அடி போலத் தெரிந்தது. ஆற்றில் மிஞ்சியிருந்தது பனிக்காலம் முடிந்து வரும் பெருக்கு ஒன்றுதான். அந்தப் பெருக்குத்தான் வண்டலை அடித்துப் போய்க் கூழாங்கல் படுகையைக் கழுவித் தரும். அதையும் எடுத்துக்கொண்டால் ஆறு வெறும் வாய்க்கால் ஆகிவிடும் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது.

ஒரு நல்ல காரியமும் அதே காலத்தில் நடந்திருந்தது. கிராண்ட், சம்மிட் கவுன்டிகளும் டென்வரும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து மேல் கொலராடோ படுகையைப் பற்றி ஓர் ஆய்வை 2003ல் முடித்திருந்தன. எந்த ஓடையில் எந்த மாதம் எவ்வளவு பற்றாக்குறை என்ற கணக்கு இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. பின்னால் சமரசர் வந்தபோது ‘உன் எண் பொய், என் எண் மெய்’ என்ற கட்டம் பெரும்பாலும் கடந்துபோயிருந்தது. உள்ளாட்சிப் பிணக்கில் இறங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். பொதுக் கணக்கு இல்லாமல் சமரசரை அமர்த்தினால், அவர் காலமெல்லாம் கணக்குச் சரிபார்ப்பதிலேயே கழியும்.

சமரசரை அமர்த்தும் முடிவு

வழி மூன்று இருந்தது. நீர் நீதிமன்றத்திலேயே தொடர்வது முதல் வழி. அது பழகிய பாதை, ஆனால் நீதிபதி யாருக்கு எந்த நாளின் உரிமை என்று மட்டுமே சொல்வார். ஆற்றின் வெப்பநிலை, ஓடத்தில் வரும் சுற்றுலாப் பயணி, ஊரின் கழிவுநீர் நிலையம் இவை அவர் முன் வரும் கேள்விகள் அல்ல. மத்திய அனுமதியில் மோதுவது இரண்டாவது வழி. அங்கே திட்டம் நிற்கலாம் அல்லது நடக்கலாம். மேற்கின் பழைய குறைகள் அப்படியே இருக்கும். மூன்றாவது, பேசுவது. முன்பும் பேசியிருக்கிறார்கள், திட்டத்துக்குத் திட்டம், கவுன்டிக்குக் கவுன்டி. ஒவ்வொரு தடவையும் ஒருவரோடு முடித்த பேச்சு இன்னொருவரிடம் உடைந்தது.

2006 வாக்கில் அவர்கள் எடுத்த முடிவு, பிணக்கு அனைத்தையும் ஒரே மேசையில் வைத்து, மாநிலத்துக்கு வெளியிலிருந்து ஒரு சமரசரைக் கொண்டுவருவது. கொலராடோ நீர் உலகம் சிறியது. அங்கே முப்பது ஆண்டு தொழில் செய்த எவரும் ஏதோ ஒரு வழக்கில் ஏதோ ஒரு பக்கம் நின்றிருப்பார். வெளியாள் என்பதால் உள்ளூர் நீர்ச் சட்டத்தின் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ள அவருக்கு நாள் பிடிக்கும்தான். அதற்குப் பதிலாகக் கிடைக்கும் நம்பிக்கை பெரிது.

சமரசருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. யாரையும் கட்டாயப்படுத்த அவரால் முடியாது. மேசையை விட்டு எழுந்து நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை எல்லோருக்கும் கடைசிவரை இருந்தது. பேச்சுகள் கதவடைத்து நடந்தன. மேசையில் சொன்னதை நாளை வழக்கில் எடுத்துக்காட்ட முடியாது என்ற காப்பு இல்லாவிட்டால், பல பத்தாண்டுகள் வழக்காடியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இந்த இரகசியத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மேற்கு ஒன்றாக வேண்டியிருந்தது

சமரசர் என்றதும் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் என்று நினைப்போம். இங்கே இருந்தது இரண்டு தரப்பு அல்ல. டென்வர் ஒன்று. மறுபக்கம் முப்பதுக்கு மேல். கிராண்ட் கவுன்டிக்கு ஃப்ரேசரில் நீர் ஓட வேண்டும். சம்மிட் கவுன்டிக்கு டில்லன் நீர்த்தேக்கம் கோடையில் நிறைந்து நின்றால் போதும், படகுத் துறையும் ஊரும் அதை நம்பியவை. ஈகிள் கவுன்டிக்குத் தன் ஆற்றில் டென்வர் வைத்திருக்கும் பழைய, பயன்படுத்தாத உரிமைகளைப் பற்றிக் கவலை. பனிச்சறுக்கு விடுதிகளுக்குச் செயற்கைப் பனி செய்யத் தண்ணீர் தேவை. கொலராடோ நதியின் கீழ்ப்பகுதியில், கிராண்ட் கவுன்டிக்கு வெளியே உள்ள கிராண்ட் பள்ளத்தாக்கில் பாலிசேட் ஊரின் பீச் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சும் சங்கங்களிடம் நூறாண்டுப் பழமையான மூத்த உரிமைகள் இருந்தன. அவர்களுக்கு டென்வரைவிட, உரிமை குறைந்துவிடுமோ என்ற பயமே பெரிது.

இவர்களுடைய நலன்கள் ஒன்றோடொன்று மோதவும் செய்தன. டில்லனில் நீர் நிறைந்து நிற்க வேண்டுமானால் டென்வர் ஃப்ரேசரில் கூடுதலாக எடுக்க நேரும். சம்மிட்டின் இலாபம் கிராண்டின் நட்டம். பழைய நாளில் டென்வர் ஒரு கவுன்டியிடம் தனியாகப் பேசி முடிக்க முடிந்தது இதனால்தான்.

மேற்குத் தரப்பு நதி மாவட்டத்தை நடுவில் வைத்துத் தங்களுக்குள் முதலில் உடன்பட்டு, ஒரே கோரிக்கைப் பட்டியலோடு வந்தது. ஐந்தாண்டு போல நீண்ட பேச்சில் பெரும் உழைப்பு இதற்கே போயிற்று என்று கருதுகிறேன். எதிராளி பலமாக ஒன்றுபடுவதை டென்வர் ஏன் பொறுத்துக்கொண்டது? பிளவுபட்ட முப்பது பேரோடு செய்யும் ஒப்பந்தம் நிற்காது என்பதை அனுபவத்தில் கண்டிருந்தது. ஒருவரோடு முடித்தால் எல்லோரோடும் முடிந்தது என்ற உறுதி டென்வருக்கும் வேண்டியிருந்தது.

பேச்சின் பொருளைக் குறுக்காமல் விரித்தது

பிணக்கு பெரிதாக இருந்தால் சிறு துண்டாக வெட்டித் தீர்க்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. இங்கே அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். மொஃபாட் திட்டம் ஒன்றை மட்டும் பேசியிருந்தால், டென்வருக்கு வேண்டியது அணை, மேற்குக்கு வேண்டியது அணை வராமல் இருப்பது. பரிமாறிக்கொள்ள ஒன்றும் இல்லை. டென்வரின் சேவை எல்லை, நீர் மறுபயன்பாடு, டில்லனின் நீர்மட்டம், ஷோஷோன் மின்நிலையம், ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் எனப் பட்டியல் நீண்டதும், ஒருவருக்குச் சிறிதாகப் படுவது மற்றவருக்குப் பெரிதாக இருக்கும் இடங்கள் தெரிந்தன.

இவற்றில் சேவை எல்லையே ஆணிவேர். மேற்கு மக்களின் ஆழமான பயம் இன்றைய டென்வரைப் பற்றியது அல்ல. புறநகர்கள் பெருகிக்கொண்டே போக, டென்வர் அத்தனைக்கும் தண்ணீர் விற்றுக்கொண்டே போனால் எங்கே நிற்கும் என்பதுதான். கோட்டுக்கு வெளியே புதிதாக நீர் தருவதில்லை என்று டென்வர் வரைபடத்தில் ஓர் எல்லையை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அந்த எல்லைக்குள் வளர்ச்சிக்குத் தேவையான நீரில் ஒரு பகுதியைச் சிக்கனத்திலும் மறுபயன்பாட்டிலும் தேடிக்கொள்வதாகவும் ஒப்பியது. 2002க்குப் பின் டென்வர் மக்கள் தலைக்குச் செலவிடும் நீரை உண்மையிலேயே குறைத்துக் காட்டியிருந்தார்கள். அதனால் இந்த வாக்குறுதியை மேற்கு நம்ப முடிந்தது.

நடுவே நேர்ந்த இரண்டு

2007 ஜூனில் ஷோஷோன் நீர்மின் நிலையத்தின் பெருங்குழாய் வெடித்தது. கிளென்வுட் கேன்யனில் இருக்கும் அந்தச் சிறு நிலையம் தனியார் மின் நிறுவனத்துக்குச் சொந்தம். வினாடிக்கு 1,250 கன அடி எடுக்கும் 1902ஆம் ஆண்டின் உரிமை அதனிடம் உண்டு. மின்சாரம் எடுத்துவிட்டு நீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடும் நிலையம் என்பதால், அந்த மூத்த உரிமை மேலே உள்ள இளைய உரிமைக்காரர்களைத் தடுத்து, ஆறு முழுக்க நீர் ஓட வழிசெய்கிறது. நிலையம் நின்றால் கேட்க ஆள் இல்லை, டென்வர் எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஓர் ஆண்டு நிலையம் முடங்கியது. மேற்குச் சரிவின் ஆறு பழைய இயந்திரம் ஒன்றை நம்பி ஓடுகிறது என்பதை எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள். நிலையம் ஓடாவிட்டாலும் ஓடுவதாகவே வைத்து நீரை விடுவது என்ற நடைமுறை ஒப்பந்தத்தில் இடம்பெற்றது, கடும் வறட்சிக்கான விலக்குகளோடு.

2010ல் டென்வர் நீர் வாரியத்தின் மேலாளர் விபத்து ஒன்றில் இறந்துபோனார். இரு பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அந்தப் பொறுப்பில் இருந்தவர். பேச்சு அவர் காலத்தில் தொடங்கியது. இத்தகைய பேச்சுகள் ஆட்களின் தனிப்பட்ட நம்பிக்கையில் ஓடுபவை, தலைமை மாறினால் கலைந்துபோகும். இங்கே கலையவில்லை. அவருக்குப் பின் வாரியம் நியமித்தவர் மேற்குச் சரிவில் வாழ்ந்து நீர்ச் சட்டத் தொழில் செய்த வழக்கறிஞர். அந்த நியமனமே மேற்குக்கு ஒரு செய்தியாக இருந்தது. ஐந்தாண்டு நெருங்கிய ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒன்றுக்கு மேற்பட்டவர் முழு விவரத்தோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உடன்பாடு: 2011 ஏப்ரல் 28

வரைவு அன்று அறிவிக்கப்பட்டது. அறிவித்த ஆளுநர் அதே ஆண்டு தொடக்கம்வரை டென்வர் மேயராக இருந்தவர். முக்கிய விதிகள் இவை.

டென்வர் தன் சேவை எல்லையை ஏற்றது. கொலராடோ படுகையில் இனிப் புதிய திட்டம் எதையும் பாதிக்கப்படும் மேற்குத் தரப்பின் இசைவோடு மட்டுமே எடுப்பதாக ஒப்பியது. மேற்குச் சரிவின் நீர்த் திட்டங்களுக்கும் ஆற்றுப் பாதுகாப்புக்கும் 2.5 கோடி டாலர் தருவதாகவும், ஃப்ரேசர் படுகையில் சூழலுக்காக ஆண்டுக்கு 1,000 ஏக்கர்-அடி நீர் விடுவதாகவும் உறுதி தந்தது. அந்த 1,000 ஏக்கர்-அடி என்பது 123 கோடி லிட்டர். நகரத்துக்குச் சிறிது, ஆகஸ்ட் மாதத்தில் சுருங்கிக் கிடக்கும் ஓடைக்கு உயிர்.

மேற்கு என்ன தந்தது? மொஃபாட் திட்டத்தை எதிர்ப்பதில்லை. சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆதரிப்போம் என்று எழுதவில்லை. தங்கள் வாக்காளரிடம் போய் ‘அணையை ஆதரித்தோம்’ என்று சொல்ல எந்தக் கவுன்டி ஆணையரும் முன்வந்திருக்க மாட்டார். ‘இவ்வளவு பெற்றுக்கொண்டு வழக்குப் போடுவதை நிறுத்தினோம்’ என்று சொல்லலாம். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து எழுத்தில் கொண்டுவருவதே சமரசத்தின் கைத்திறன்.

எண்ணில் உடன்பட முடியாத இடம் ஒன்று இருந்தது. ஃப்ரேசர் ஆறு நலமாக இருக்க எவ்வளவு நீர் வேண்டும்? இதற்கு இரு தரப்பு அறிஞர்களும் ஒரே விடை சொல்லவில்லை. எண்ணைப் பிடித்துத் தொங்காமல், ‘செய்து கற்றல்’ என்ற பெயரில் நிரந்தரக் கூட்டுக் குழு அமைத்தார்கள். டென்வர், கிராண்ட் கவுன்டி, நதி மாவட்டம், மீன்வளக் காப்பு அமைப்பு முதலியோர் அதில் இருப்பார்கள். ஆற்றை ஆண்டுதோறும் அளந்து, கையில் உள்ள நீரையும் பணத்தையும் எங்கே செலவிடுவது என்று கூடி முடிவு செய்வார்கள். இந்த ஒப்பந்தத்தில் என் மனம் நிறைந்த பகுதி இதுவே. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவைத்த 1955 தீர்ப்பு என்ன ஆயிற்று என்று பார்த்தோம்.

கையெழுத்துக்கு இரண்டு ஆண்டு

வரைவு வந்த பிறகு ஒவ்வொரு அமைப்பும் தன் மன்றத்தில் வைத்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2012 மே மாதம் டென்வரும் முக்கியக் கவுன்டிகளும் கையெழுத்திட்டன. கீழ்ப் பள்ளத்தாக்கின் பாசனச் சங்கங்கள் வரை எல்லோரும் இட்டு முடித்து, 2013 செப்டம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கதவடைத்துப் பேசியதன் முதல் விலை இந்தக் காலதாமதம். மேசையில் இருந்த பிரதிநிதிக்கு ஒவ்வொரு விதியும் எதற்கு ஈடாக வந்தது என்று தெரியும். ஊரில் இருந்த உறுப்பினருக்கு முதல்முறையாக ஒரு தடித்த ஆவணம் கைக்கு வருகிறது, நூறு கேள்வி கேட்கத்தான் செய்வார்.

பின்னர் நடந்தவை

மேசையில் இருந்தவர்களுக்குள் ஒப்பந்தம் நின்றது. 2014ல் டென்வர், கிராண்ட் கவுன்டி, டிரவுட் மீன் காப்பு அமைப்பு மூன்றும் ஃப்ரேசருக்குக் கூடுதல் காப்பு ஏற்பாடுகளில் உடன்பட்டன. செய்து கற்றல் குழு அணை எழும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கியது. 2017ல் ஃப்ரேசர் பிளாட்ஸ் என்ற இடத்தில் ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, அகன்று ஆழமற்றுப் போன ஆற்றைக் குறுக்கி, ஆழப்படுத்தி, கரையில் செடி நட்டார்கள். குறைந்த நீரே இருந்தாலும் அது குளிர்ந்து வேகமாக ஓட வேண்டும் என்பதே நோக்கம். மீன்கள் திரும்பின. முன்பு ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டவர்களின் பணியாளர்கள் சேர்ந்து நின்று செய்த வேலை அது.

மத்திய அனுமதிகள் 2017லும் 2020லும் வந்தன. மேற்குக் கவுன்டி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

மேசைக்கு வராதவர்கள்

அணை இருப்பது கிழக்கே, போல்டர் கவுன்டியில். நீர் எடுக்கும் இடத்துக்காரர்களை ஐந்தாண்டு உட்காரவைத்துப் பேசிய சமரச மேசையில், அணை எழும் இடத்துக்காரர்களுக்கு இருக்கை இல்லை. பல ஆண்டுக் கட்டுமானம், லாரிப் போக்குவரத்து, வெட்டப்படும் மரங்கள் எல்லாம் அவர்கள் தலையில். தங்கள் 1041 அதிகாரத்தை அவர்கள் எடுத்தார்கள். 1988ல் ஈகிள் கவுன்டி எடுத்த அதே ஆயுதம். 2021 ஜூலையில் டென்வர் வழக்குப் போட்டது. அந்த நவம்பரில் 1.25 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. மேற்குச் சரிவு முழுவதற்கும் உறுதியளித்த தொகையில் பாதி அது. சில மாதத்தில், நெருக்கடியில், ஒரே கவுன்டிக்கு.

சுற்றுச்சூழல் அமைப்புகளில் ஒன்று ஒப்பந்தத்தோடு சேர்ந்து நடந்தது. வேறு சில அமைப்புகள் 2018ல் மத்திய அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2022ல் அணை வேலை தொடங்கியது. 2024 அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி, அனுமதி தந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். 2025ல் அணையைக் கட்டி முடிக்க விட்டு, கூடுதல் நீரைத் தேக்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது.

இதில் மேற்குக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தின் பல பயன்கள் மொஃபாட் திட்டத்தின் அனுமதியோடும் இயக்கத்தோடும் முடிச்சிடப்பட்டவை. அணைக்கு அனுமதி கிடைப்பதில் மேற்குக்கும் அக்கறை இருக்கட்டும் என்பதற்காகப் போட்ட முடிச்சு. மேசைக்கு வெளியே உள்ளவர் அணையை நிறுத்தினால், மேசையில் இருந்தவரின் ஆற்றுக்கு வரவேண்டியதும் சேர்ந்தே நிற்கிறது.

ஷோஷோன் விஷயத்திலும் நடைமுறை ஏற்பாடு போதவில்லை என்று நதி மாவட்டம் முடிவுக்கு வந்தது. 2023 டிசம்பரில் அந்த நீர் உரிமையையே ஏறக்குறைய 9.9 கோடி டாலருக்கு வாங்க மின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது.

இன்னொரு முறை செய்தால் மாற்ற வேண்டியவை

சமரசரை அமர்த்திய விதத்தில் மாற்ற எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியாள், இரகசியக் காப்பு, பொதுக் கணக்கு, மேற்குக்கு முன்கூட்டியே கிடைத்த ஒற்றுமை, விரித்த பட்டியல் எல்லாம் சரியான முடிவுகள். அழைப்புப் பட்டியலில்தான் பிழை. யார் நீரை இழக்கிறார் என்று கேட்டு அழைத்தார்கள். யார் இந்தத் திட்டத்தைத் தடுக்க முடியும் என்று கேட்டிருந்தால் போல்டர் கவுன்டி முதல் நாளிலேயே பட்டியலில் வந்திருக்கும். சமரசர் தன் முதல் சுற்றுப் பேச்சுகளை முடித்ததும், அனுமதி மறுக்கும் அதிகாரம் உள்ள ஒவ்வொரு அமைப்பின் பெயரையும் எழுதித் தரப்புகளிடம் கொடுப்பதை அவரை அமர்த்தும் ஒப்பந்தத்திலேயே ஒரு கடமையாக வைக்கலாம்.

இரகசியத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில், என்ன பேசுகிறோம், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், எது இன்னும் முடியவில்லை என்று எல்லாத் தரப்பும் ஒப்பிய ஒரு பக்க அறிக்கையைக் குறித்த இடைவெளியில் ஒவ்வொரு மன்றத்துக்கும் அனுப்பலாம். யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அதில் இருக்கத் தேவையில்லை. அப்படிச் செய்திருந்தால் கையெழுத்துக்கு இரண்டு ஆண்டு ஆகியிருக்காது.

ஆற்றுக்கான பயன்களை அணையின் முடிச்சிலிருந்து கொஞ்சமேனும் விடுவித்திருக்க வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து ஒரு பங்கு நீர், அனுமதி வந்ததும் ஒரு பங்கு, அணை இயங்கத் தொடங்கியதும் மீதி என்று மூன்றாகப் பிரித்திருக்கலாம். டென்வர் அதற்கு மறுத்திருக்கக்கூடும். கேட்டிருக்க வேண்டியது கிராண்ட் கவுன்டியின் தரப்பு, அந்தக் கேள்வியை அவர்கள் முன் வைத்திருக்க வேண்டியவர் சமரசர்.